சைன் அவுட் செய்யும்போது ரெஜிஸ்ட்ரி எரரா? எதைக் கண்டுக்காம விடலாம், எப்போ உஷாராகணும்? முழு விளக்கம்

கம்ப்யூட்டரில் வேலை முடிந்து சைன் அவுட் கொடுக்கிறீர்கள். திரை நீல நிறத்தில் சுற்றிக்கொண்டே நிற்கிறது. இல்லைன்னா, எல்லாம் சரியாக முடிந்த மாதிரி இருக்கிறது. ஆனால் மறுநாள் ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தால் மஞ்சள் முக்கோணத்துடன் ஒரு எச்சரிக்கை: உங்கள் ரெஜிஸ்ட்ரி ஃபைலை வேறு புரோகிராம்கள் இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கின்றன என்கிறது விண்டோஸ்.

இது வைரஸா? ஹார்ட் டிஸ்க் போகப் போகிறதா? ஃபைல்கள் அழிந்துவிடுமா? பெரும்பாலான நேரங்களில் மூன்றுக்கும் பதில், 'இல்லை'. ஆனால் இதே ரெஜிஸ்ட்ரி சிக்கலின் இன்னொரு வடிவம் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் முழுக்க செய்த வேலை ஒரே சைன் அவுட்டில் காணாமல் போய்விடும். இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது? விரிவாகப் பார்ப்போம்.

ரெஜிஸ்ட்ரி என்றால் என்ன?

விண்டோஸ் தன்னுடைய எல்லா செட்டிங்குகளையும் எழுதி வைத்திருக்கும் பெரிய பதிவேடுதான் ரெஜிஸ்ட்ரி. முன்பெல்லாம் ஒவ்வொரு சாஃப்ட்வேரும் தனக்கென ஒரு சின்ன ஐ.என்.ஐ ஃபைலில் செட்டிங்குகளை எழுதி வைத்தது. 1992-ல் வந்த விண்டோஸ் 3.1-ல் ரெஜிஸ்ட்ரி சிறிய அளவில் அறிமுகமானது. விண்டோஸ் என்டி, விண்டோஸ் 95 காலத்தில் மொத்த சிஸ்டத்துக்கும் இதுவே மையமானது.

இந்தப் பதிவேடு ஒரே ஃபைல் கிடையாது. பல ஃபைல்களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 'ஹைவ்' என்று பெயர். கம்ப்யூட்டருக்குப் பொதுவானவை விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும். ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக ஒரு ஹைவ் உண்டு. அதன் பெயர் 'என்டியூசர் டாட்'. சி டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள், உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டரில் இது மறைவாக இருக்கும். வால்பேப்பர், பிரின்டர், தமிழ் கீபோர்டு செட்டிங், எந்த பிரவுசர் முதலில் திறக்க வேண்டும் என்பது வரை உங்களுக்கே உரிய விஷயங்கள் இதில்தான் பதிவாகின்றன.

சைன் அவுட் செய்யும்போது உள்ளே என்ன நடக்கிறது?

நெய்வேலிக்காரர்களுக்கு இதை ஷிப்ட் மாற்றத்தை வைத்துச் சொன்னால் உடனே புரியும். சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் வேலை மூன்று ஷிப்டாக 24 மணி நேரமும் நடக்கிறது. ஒரு ஷிப்ட் முடியும்போது பதிவேட்டில் எழுத வேண்டியதை எழுதி முடித்து, மூடி, அடுத்தவரிடம் ஒப்படைத்தால்தான் வேலை சீராகத் தொடரும். ஒருவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும்போதே பதிவேட்டைப் பிடுங்கினால் குழப்பம்தான்.

விண்டோஸும் இதையேதான் செய்கிறது. நீங்கள் லாக் இன் செய்ததும் உங்கள் ஹைவைத் திறந்து ரெஜிஸ்ட்ரியுடன் இணைக்கிறது. சைன் அவுட் கொடுத்ததும் திறந்திருக்கும் புரோகிராம்களை மூடச் சொல்லி, மாற்றங்களை டிஸ்க்கில் எழுதி, ஹைவைக் கழற்றி மூடுகிறது. இதற்குத்தான் 'அன்லோட்' என்று பெயர்.

சிக்கல் எங்கே வருகிறது? பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு சர்வீஸ் உங்கள் ஹைவில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விட மறுக்கிறது. ஆன்ட்டிவைரஸாக இருக்கலாம், பிரின்டர் டிரைவராக இருக்கலாம், விண்டோஸின் சொந்த சர்வீஸாகவே கூட இருக்கலாம். நீங்கள் வெளியேறினாலும் சர்வீஸ்கள் வெளியேறுவதில்லை. அதனால்தான் இந்த இழுபறி.

எக்ஸ்பி காலத்தில் இது ஏன் பெரிய தலைவலியாக இருந்தது?

விண்டோஸ் 2000, எக்ஸ்பி பயன்படுத்தியவர்களுக்கு 'செட்டிங்குகளைச் சேமிக்கிறது' என்று சொல்லிக்கொண்டே அசையாமல் நிற்கும் திரை நினைவிருக்கும். ஹைவை மூட முடியாமல் விண்டோஸ் திரும்பத் திரும்ப முயற்சி செய்வதுதான் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அப்போது எக்ஸ்பியின் ஈவென்ட் லாகில் 1517, 1524 ஆகிய எண்களில் எச்சரிக்கை பதிவாகும்.

ஒரே சர்வரில் பலர் லாக் இன் செய்யும் அலுவலகங்களில் இது இன்னும் மோசம். மூடப்படாத ஹைவ்கள் மெமரியிலேயே தங்கி, சர்வரை ரீஸ்டார்ட் செய்யும் வரை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். இதைச் சமாளிக்க மைக்ரோசாஃப்ட் 'யூசர் புரொஃபைல் ஹைவ் கிளீன்அப் சர்வீஸ்' என்ற இலவச டூலை வெளியிட்டது. யார் ஹைவைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து விடுவிப்பதே அதன் வேலை.

விஸ்டாவில் இருந்து இந்த வசதி விண்டோஸுக்குள்ளேயே வந்துவிட்டது. இப்போது 'யூசர் புரொஃபைல் சர்வீஸ்' தானாகவே ஹைவை வலுக்கட்டாயமாக மூடிவிடும். எனவே விண்டோஸ் 7, 10, 11 வைத்திருப்பவர்கள் அந்தப் பழைய டூலைத் தேடிப்பிடித்து இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை.

1530 எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது?

வலுக்கட்டாயமாக மூடிய பிறகு, 'இன்னார் பிடித்து வைத்திருந்தார், நான் மூடிவிட்டேன்' என்று விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்புதான் ஈவென்ட் 1530. அதாவது, பிரச்சினையைத் தீர்த்துவிட்டேன் என்ற தகவல். எப்போதாவது ஒன்று இரண்டு வந்தால், கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடினால், அதைக் கண்டுக்காமல் விட்டுவிடலாம்.

ஆனால் ஒவ்வொரு முறையும் சைன் அவுட் ஆக நேரம் எடுக்கிறது, செட்டிங்குகள் சேமிக்கப்படாமல் பழையபடி மாறுகின்றன என்றால் காரணத்தைத் தேட வேண்டியதுதான்.

1. ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறக்கவும். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன் என்ற பகுதிக்குப் போகவும்.

2. சோர்ஸ் என்ற இடத்தில் யூசர் புரொஃபைல் சர்வீஸ், எண் 1530 இருக்கும் வரியை கிளிக் செய்யவும். கீழே விவரத்தில் 'பிராசஸ்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணும், ஒரு புரோகிராமின் முழு முகவரியும் இருக்கும். ஹைவைப் பிடித்து வைத்திருந்தது அதுதான்.

3. நான்கைந்து எச்சரிக்கைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே புரோகிராம் திரும்பத் திரும்ப வந்தால், அதை அப்டேட் செய்யுங்கள். சரியாகவில்லையா? அன்இன்ஸ்டால் செய்துவிட்டு அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய பதிப்பைப் போடுங்கள். பிரின்டர், ஸ்கேனர் டிரைவர்களுக்கும் இதே வழிதான்.

4. பெயர் பிடிபடவில்லை என்றால் 'கிளீன் பூட்' முறையில் சோதிக்கலாம். சிஸ்டம் கான்ஃபிகரேஷனைத் திறந்து, சர்வீசஸ் பகுதியில் முதலில் மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைக்கும் பெட்டியை டிக் செய்யவும். மீதமுள்ளவற்றை நிறுத்திவிட்டு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். எச்சரிக்கை நின்றால், ஒவ்வொன்றாக ஆன் செய்து ஆளைப் பிடிக்கலாம். மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைக்காமல் எல்லாவற்றையும் நிறுத்திவிடக் கூடாது, கவனம்.

5. கடைசியாக, விண்டோஸ் ஃபைல்களையே ஒருமுறை சரிபார்க்கலாம். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, சிஸ்டம் ஃபைல் செக்கரை இயக்க வேண்டும். டிஸ்க்கில் பழுது இருக்கும் என்று சந்தேகம் வந்தால் செக் டிஸ்க். ஆனால் டிஸ்க்கில் கடகடவென்று சத்தம் வந்தால் முதலில் ஃபைல்களை வேறு இடத்துக்கு காப்பி செய்துவிட்டு அப்புறம் சோதனை செய்யுங்கள்.

உண்மையான ஆபத்து: தற்காலிக புரொஃபைல்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஹைவ் மூடப்படும் நேரத்தில் கரன்ட் போகலாம். பொறுமை இழந்து பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் செய்திருக்கலாம். டிஸ்க் பழுதாகி இருக்கலாம். இப்படிப்பட்ட நேரங்களில் ஹைவைக் காப்பாற்ற விண்டோஸ் பக்கத்திலேயே இரண்டு லாக் ஃபைல்களை வைத்திருக்கிறது. பெரும்பாலும் அவை காப்பாற்றிவிடும். எப்போதாவது முடியாமல் போகும்.

அப்படி முடியாமல் போனால், அடுத்த லாக் இன்னில் உங்கள் ஹைவைத் திறக்க முடியாமல் விண்டோஸ் உங்களை ஒரு தற்காலிக புரொஃபைலில் உட்கார வைக்கும். இதன் அடையாளங்கள்:

* டெஸ்க்டாப் காலியாக, புது கம்ப்யூட்டர் மாதிரி இருக்கும்.

* விண்டோஸ் 7-ல், தற்காலிக புரொஃபைலில் லாக் இன் ஆகியிருக்கிறீர்கள் என்ற சிறு குறிப்பு வலது ஓரத்தில் வரும். விண்டோஸ் 10-ல், உங்கள் கணக்கில் சைன் இன் செய்ய முடியவில்லை என்ற செய்தி வரும்.

* யூசர்ஸ் ஃபோல்டரில் 'டெம்ப்' என்று தொடங்கும் பெயரில் ஒரு ஃபோல்டர் புதிதாக இருக்கும்.

* ஈவென்ட் லாகில் 1511, 1515 போன்ற எண்கள் பதிவாகி இருக்கும்.

இதைப் பார்த்ததும் பலர் செய்யும் தவறு, 'சரி, ஐகான்தானே போச்சு' என்று அப்படியே வேலையைத் தொடர்வது. அதைச் செய்யவே கூடாது. தற்காலிக புரொஃபைலில் டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ நீங்கள் சேமிக்கும் எதுவும் சைன் அவுட் செய்தவுடன் அழிந்துவிடும். ரீசைக்கிள் பின்னிலும் இருக்காது.

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் அப்பா, அம்மா, பிள்ளைகள் என ஒரே டெஸ்க்டாப்பை நாலு பேர் பயன்படுத்தும் வீடாக இருந்தாலும் சரி, பஜாரில் ஜெராக்ஸ் கடையோடு இருக்கும் பிரவுசிங் சென்டராக இருந்தாலும் சரி, கம்ப்யூட்டரில் இருப்பது வெறும் ஃபைல் அல்ல. ஓய்வுபெற்றவரின் பென்ஷன் ஆவணம், பட்டா நகல், பிள்ளையின் சாதிச் சான்றிதழ், நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தின் ஸ்கேன். காலையில் இருந்து ஸ்கேன் செய்து வைத்ததெல்லாம் மாலையில் ஒரே கிளிக்கில் போய்விட்டால், கடைசித் தேதி நமக்காகக் காத்திருக்காது.

தற்காலிக புரொஃபைலில் மாட்டினால் என்ன செய்வது?

முதல் வேலை: ஏற்கனவே ஏதாவது சேமித்திருந்தால், சைன் அவுட் செய்வதற்கு முன்பு அதை பென் டிரைவுக்கோ வேறு டிரைவுக்கோ காப்பி செய்யுங்கள்.

இரண்டாவது: ரீஸ்டார்ட் செய்து மறுபடி லாக் இன் செய்யுங்கள். ஆன்ட்டிவைரஸ் ஸ்கேன் போன்ற தற்காலிகக் காரணத்தால் ஹைவ் திறக்காமல் போயிருந்தால், ஒன்றிரண்டு ரீஸ்டார்ட்டிலேயே பழைய டெஸ்க்டாப் திரும்ப வந்துவிடும்.

மூன்றாவது: அப்படியும் வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். உங்கள் பழைய ஃபைல்கள் பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருக்கும். சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயர் உள்ள ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். முதலில் அதை முழுசாக பேக்அப் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு இரண்டு வழிகள் இருக்கின்றன.

பாதுகாப்பான வழி, புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்குவது. அதில் ஒருமுறை லாக் இன் செய்துவிட்டு, பழைய ஃபோல்டரில் இருந்து டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவற்றை மட்டும் காப்பி செய்ய வேண்டும். என்டியூசர் என்று தொடங்கும் ஃபைல்களைத் தொடக் கூடாது. பழுதான பதிவேட்டையே புது வீட்டுக்கும் தூக்கிப் போவது மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு வழி, ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பது. அனுபவம் உள்ளவர்கள் மட்டும், வேறொரு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கிலிருந்து இதைச் செய்யலாம். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட் வெர்ஷன் என்று போனால், 'புரொஃபைல் லிஸ்ட்' இருக்கும். முதலில் அதை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீளமான எண்கள் ஒவ்வொன்றும் ஒரு பயனர். ஒரே எண் இரண்டு முறை இருந்து, ஒன்றின் கடைசியில் புள்ளி வைத்து பி, ஏ, கே என்ற மூன்று எழுத்துகள் இருந்தால், அதுதான் உங்கள் பழைய புரொஃபைல். வலது பக்கம் 'புரொஃபைல் இமேஜ் பாத்' வரியில் உங்கள் ஃபோல்டர் பெயர் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த மூன்று எழுத்து இல்லாத பதிவுக்கு வேறு பெயர் கொடுத்துவிட்டு, பழையதில் இருந்து அந்தப் பின்னொட்டை நீக்கவும். அதிலேயே 'ரெஃப் கவுன்ட்', 'ஸ்டேட்' ஆகிய மதிப்புகள் இருந்தால் 0 ஆக்கி ரீஸ்டார்ட் செய்யவும். ஹைவ் ஃபைலே பழுதாகி இருந்தால் இந்த வழி பலிக்காது; புதிய கணக்குதான் தீர்வு.

அலுவலகம், பள்ளி லேப் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

நெட்வொர்க்கில் 'ரோமிங் புரொஃபைல்' பயன்படுத்தும் இடங்களில், சைன் அவுட் நேரத்தில்தான் பயனரின் செட்டிங்குகள் சர்வருக்குப் போகும். ஹைவ் மூடவில்லை என்றால் புதிய மாற்றங்கள் சர்வருக்குப் போய்ச் சேராது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு பயனரின் கணக்கிலேயே பின்னணி அப்ளிகேஷன் ஓடும் சர்வர்களில், அவர் சைன் அவுட் செய்ததும் விண்டோஸ் ஹைவை மூடிவிட, அந்த அப்ளிகேஷன் 'அழிக்கப்படவிருக்கும் ரெஜிஸ்ட்ரி கீ' என்ற எரருடன் நின்றுவிடும். இதற்கென்று குரூப் பாலிசியில், கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், யூசர் புரொஃபைல்ஸ் பகுதியில், சைன் அவுட்டின்போது ரெஜிஸ்ட்ரியை வலுக்கட்டாயமாக மூட வேண்டாம் என்ற செட்டிங் இருக்கிறது. இந்த எரர் வரும் சர்வரில் மட்டுமே இதை ஆன் செய்ய வேண்டும். எல்லா கம்ப்யூட்டரிலும் போட்டால் ரோமிங் புரொஃபைல் பாதிக்கப்படும் என்று அந்த செட்டிங்கின் விளக்கத்திலேயே மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கிறது.

லாக், ஸ்விட்ச் யூசர், சைன் அவுட்: என்ன வித்தியாசம்?

லாக் செய்தால் திரை மட்டும்தான் மூடும். ஸ்விட்ச் யூசரில் அடுத்தவர் உள்ளே வரலாம். ஆனால் உங்கள் புரோகிராம்களும் ஹைவும் திறந்தே இருக்கும். சைன் அவுட்டில்தான் ஹைவ் மூடப்படும். ஷட் டவுன், ரீஸ்டார்ட் இரண்டிலும் சைன் அவுட் தானாக நடந்துவிடும். ஒருவர் ஸ்விட்ச் யூசரில் விட்டுப் போய், அடுத்தவர் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் செய்தால், முதல் ஆளின் ஹைவ் திறந்திருக்கும்போதே கரன்ட் போன மாதிரிதான். ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பயன்படுத்தும் இடத்தில் சைன் அவுட் செய்துவிட்டு எழுந்திருப்பது நல்லது.

மஞ்சள் முக்கோணத்தைக் காட்டி பயமுறுத்தும் மோசடி

'உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு, நாங்க மைக்ரோசாஃப்ட்ல இருந்து பேசறோம்' என்று போனில் அழைக்கும் கும்பல்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. இவர்களுக்குப் பிடித்த ஆயுதமே ஈவென்ட் வியூவர்தான். அதைத் திறக்கச் சொல்லி, மஞ்சள், சிவப்பு எச்சரிக்கைகளைக் காட்டி, 'பார்த்தீங்களா' என்று பதற வைப்பார்கள். பிறகு ரிமோட் ஆப் ஒன்றை இன்ஸ்டால் செய்ய வைத்து, பணம் பறிப்பார்கள்.

ஒன்றை மனதில் வையுங்கள்: நன்றாக ஓடும் கம்ப்யூட்டரிலும் ஈவென்ட் வியூவரில் எச்சரிக்கைகள் இருக்கும். மைக்ரோசாஃப்ட் யாருக்கும் தானாக போன் செய்து ரிப்பேர் செய்வதில்லை. பணத்தை இழந்துவிட்டால் உடனே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு.

அதேபோல 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்' சாஃப்ட்வேர்களும் தேவையில்லை. இத்தகைய டூல்களைப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. நல்ல பதிவையும் சேர்த்து அழித்துவிட்டால் விண்டோஸையே மறுபடி போட வேண்டி வரலாம்.

முன்கூட்டியே என்ன செய்து வைக்கலாம்?

* மின்சாரம் தயாரிக்கிற ஊராக இருந்தாலும் கரன்ட் போகத்தான் செய்யும். டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் அவசியம். பேட்டரி போன பழைய லேப்டாப்பும் டெஸ்க்டாப் கணக்குதான்.

* சைன் அவுட் சுற்றிக்கொண்டே இருந்தால் சில நிமிடங்கள் பொறுங்கள். பவர் பட்டன் கடைசி வழி மட்டுமே.

* கம்ப்யூட்டரில் இரண்டாவதாக ஒரு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு வைத்திருங்கள். ஒன்று பழுதானால் இன்னொன்றின் வழியாக உள்ளே போகலாம்.

* சிஸ்டம் புரொடெக்ஷனை ஆன் செய்து, ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்கி வையுங்கள். விண்டோஸ் 10-ன் 1803 பதிப்பிலிருந்து ரெஜிஸ்ட்ரியைத் தானாக பேக்அப் எடுக்கும் பழைய வழக்கத்தை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது.

* முக்கிய ஆவணங்களை டெஸ்க்டாப்பில் மட்டும் வைக்காதீர்கள். வேறு டிரைவிலும், வெளியே ஒரு பென் டிரைவிலோ கிளவுடிலோ இன்னொரு பிரதியும் இருக்கட்டும்.

* விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் முடிந்துவிட்டன. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் கிடைத்த பழைய லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. அவற்றில் உள்ள ஃபைல்களுக்கு பேக்அப் எடுப்பது இன்னும் அவசரம்.

சுருக்கமாக

1530 எச்சரிக்கை மட்டும் வந்து கம்ப்யூட்டர் நன்றாக ஓடினால் விட்டுவிடுங்கள். சைன் அவுட் தினமும் தாமதமானால் காரணமான புரோகிராமைக் கண்டுபிடித்து அப்டேட் செய்யுங்கள். ஆனால் லாக் இன் செய்ததும் டெஸ்க்டாப் காலியாக இருந்தால், அங்கேயே நிறுத்துங்கள். புதிதாக எதையும் சேமிக்க வேண்டாம். ஏற்கனவே சேமித்ததை வெளியே எடுக்காமல் சைன் அவுட்டும் வேண்டாம்.